சேர்ந்து வாழ மாணவர் விசா

கனடாவின் குடிவரவு விதிமுறைகளில் 216-ஆவது விதி ஒரு நிபந்தனை வைக்கிறது. படிக்க வரும் வெளிநாட்டவர், அனுமதித்த காலம் முடிந்ததும் நாட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார் என்று விசா அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும். வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. அந்த நம்பிக்கைக்காக அதிகாரி பார்க்கும் விஷயங்களில் ஒன்று, விண்ணப்பிப்பவரின் குடும்பம் எங்கே இருக்கிறது என்பது. குடும்பம் ஊரில் இருந்தால் திரும்பி வருவார், கனடாவில் இருந்தால் வர மாட்டார் என்று ஒரு கணக்கு.

இந்தக் கணக்கை மாண்ட்ரியலில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவிக்குப் போட்டுப் பாருங்கள். அவர் திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறார். பட்டதாரி. மேலே படிக்க விருப்பம் உண்டு. உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, மாண்ட்ரியலில் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டால் அவரிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருக்கிறது: “என் கணவர் அங்கே இருக்கிறார்.” அந்தப் பதிலே அவருடைய விண்ணப்பத்துக்கு எதிராக எழுதப்படுகிறது. கனடாவில் உள்ள குடும்பப் பிணைப்பின் காரணமாக நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று நான் நம்பவில்லை என்ற பொருளில் வரும் நிராகரிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்கள் நம் ஊரில் இன்று எத்தனையோ பேர். மனைவி வேலைக்குப் போன நாட்டுக்குப் பின்தொடர முயலும் கணவன்மார்களும் இந்த வரிசையில் உண்டு. செவிலியர்களின் வீடுகளில் அது அதிகம்.

கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருக்க விரும்புவது சந்தேகத்துக்குரிய நோக்கமாக ஆகிவிட்ட நிலையைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

மாணவர் விசா என்ற இந்தச் சுற்றுவழி தானாக உருவானதல்ல. நேர்வழி ஒன்று இருந்தது. கனடாவில் முறையாக வேலை பார்ப்பவரின் துணைக்கு ‘ஓபன் வொர்க் பர்மிட்’ என்ற திறந்த வேலை அனுமதி கிடைத்துவந்தது. எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். உயர்திறன் வேலையில் இருப்பவர்களின் துணைகளுக்கு மட்டும் இருந்த இந்த வாய்ப்பை 2023 ஜனவரி 30 முதல் எல்லாத் திறன் நிலைகளுக்கும் படிப்படியாக விரிக்கத் தொடங்கினார்கள். கோழிப்பண்ணையில் வேலை செய்பவருக்கும் குடும்பம் உண்டு என்பதை ஒரு அரசு ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம் அது. இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை. 2025 ஜனவரி 21 முதல் கதவு மறுபடி ஒடுங்கியது. கனடா எல்லா வேலைகளையும் ‘டீர்’ என்ற பெயரில் 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. 0, 1 நிலைகளில் இருப்பவரின் துணைக்குத் தடையில்லை. 2, 3 நிலைகள் என்றால் மருத்துவம், கட்டுமானம், கல்வி, அறிவியல் தொழில்நுட்பம் என ஆள்பற்றாக்குறை உள்ள சில துறைகளுக்கு மட்டும். 4, 5 நிலைகளுக்குப் பொதுவாக இல்லை. இதோடு இன்னொரு நிபந்தனை: துணை விண்ணப்பிக்கும் நாளில், வேலையில் இருப்பவரின் அனுமதி இன்னும் 16 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

இந்தப் 16 மாதம் எப்படி ஒரு குடும்பத்தைப் பிரிக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளில் மிகப் பலர் முதலில் மாணவராகப் போகிறார்கள். படித்து முடித்ததும் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி கிடைக்கிறது. அது அதிகபட்சம் மூன்று ஆண்டு. வாழ்நாளில் ஒரு முறைதான் தருவார்கள். முதல் சில மாதம் வேலை தேடுவதில் போகிறது. படித்த துறையில் வேலை கிடைக்கும்வரை சரக்குக் கிடங்கிலோ உணவகத்திலோ நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வேலைகள் கீழ் நிலையில் வருவதால் துணைக்கான தகுதி அப்போது கிடையாது. நல்ல வேலை அமைந்து, ஊரில் ஜாதகம் பார்த்து, நிச்சயம் செய்து, விடுப்பு வாங்கி வந்து தாலி கட்டி, திருமணத்தைப் பதிவுசெய்து சான்றிதழ் வாங்குவதற்குள் இரண்டாவது ஆண்டும் முடியப்போகும். 16 மாதம் மிச்சமிருக்கிறதா என்று மாப்பிள்ளை காலண்டரைப் பார்க்கிறார். பல நேரங்களில் இருப்பதில்லை. பெண்ணின் அம்மா தொலைபேசியில் கேட்கிறார்: “மாப்பிள்ளை, எப்ப கூப்பிட்டுக்குவீங்க?” அவரிடம் பதில் இல்லை.

மற்ற மாகாணங்களில் இந்தச் சிக்கல் ஒரு மடங்கு என்றால் கியூபெக்கில் இரண்டு மடங்கு. 1991-இல் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தன் மாகாணத்துக்கு யார் வரலாம் என்பதில் கியூபெக்குக்குத் தனி அதிகாரம் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் அங்கே படிக்க வேண்டுமானால் முதலில் மாகாண அரசிடம் ‘சிஏக்யூ’ எனப்படும் ஏற்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் மத்திய அரசிடம் படிப்பு அனுமதி கேட்க முடியும். இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம், இரண்டு காத்திருப்பு. சிஏக்யூ கிடைத்துவிட்டது என்று வீட்டில் பாயசம் வைத்துவிட்டு, அடுத்த படியில் நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு. மாகாணம் சரி என்று சொன்னதை மத்திய அதிகாரி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தற்காலிக அனுமதியில் இருப்பவருக்குத்தான் இந்தப் பாடு, நிரந்தர வசிப்புரிமை வாங்கிவிட்டால் மனைவியை ஸ்பான்சர் செய்து அழைத்துக்கொள்ளலாமே என்று நினைப்போம். கியூபெக்கில் அதுவும் அடைபட்டது. 2024 ஜூன் 26 தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மொத்தம் 13,000 குடும்ப ஸ்பான்சர் விண்ணப்பங்களை மட்டுமே ஏற்போம் என்று மாகாண அரசு வரம்பு விதித்தது. அதில் துணைவர்களுக்கும் வயதுவந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து 10,400 இடம். 2025 ஜூலையிலேயே அந்த இடங்கள் நிரம்பிவிட, 2026 ஜூன் 25 வரை புதிய விண்ணப்பம் வாங்குவதில்லை என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களுக்கும் காத்திருப்பு சுமார் மூன்று ஆண்டாக இருந்தது. மற்ற மாகாணங்களில் ஏறத்தாழ ஓராண்டில் முடிந்துவந்த வேலை அது. ஒட்டாவா நதியின் வடகரையில் உள்ள காட்டினோ நகரம் கியூபெக்கைச் சேர்ந்தது, தென்கரையில் உள்ள ஒட்டாவா ஒன்டாரியோவைச் சேர்ந்தது. பாலத்தைக் கடந்து குடிமாறினால் மனைவி வந்துசேரும் காலம் சுமார் இரண்டு ஆண்டு குறையும் என்ற நிலை. அந்த 13,000 வரம்புக்கு முன்பே, 2024 மார்ச்சில் அப்போதைய மத்திய குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர், கியூபெக் ஏற்கெனவே வைத்திருந்த வருடாந்தர வரம்பைத் தாண்டியும் குடும்ப விண்ணப்பங்களை முடித்துக்கொடுக்கத் தன் துறைக்கு உத்தரவிடப்போவதாகச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. கனடாவில் பிறந்த குடிமக்களே தங்கள் வெளிநாட்டுத் துணைக்காக ஊர்வலம் போன மாகாணம் அது. அங்கே தற்காலிக அனுமதியில் இருக்கும் நம் வீட்டுப் பிள்ளையின் குரல் எங்கே கேட்கப்போகிறது?

நேர்வழிகள் இப்படி அடைபடும்போதுதான் ‘ஸ்டடி பர்மிட் போட்டுடலாம்’ என்ற யோசனை வருகிறது. மாண்ட்ரியல் அதற்கேற்ற ஊர் போலவும் தெரிகிறது. 1821-இல் தொடங்கிய மெக்கில், ஆங்கிலத்திலேயே படிக்கக்கூடிய கான்கார்டியா, பிரெஞ்சில் பாடம் நடத்தும் மாண்ட்ரியல் பல்கலைக்கழகம், யூகாம் என்று நான்கு பெரிய பல்கலைக்கழகங்கள் ஒரே நகரத்தில். ஆனால் விலை? வெளிநாட்டு மாணவர்களுக்கான இளநிலை, தொழில்சார் முதுநிலைப் படிப்புகளின் குறைந்தபட்சக் கட்டணத்தை ஆண்டுக்கு 20,000 டாலர் அளவுக்கு உயர்த்தப்போவதாக 2023 அக்டோபரில் மாகாண அரசு அறிவித்தது. பிரான்ஸிலிருந்து வருபவர்களுக்கு இது பொருந்தாது. நம் பெண்களுக்குப் பொருந்தும். இன்றைய மதிப்பில் ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தப் பணத்தை மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கொடுக்கும் வாடகையாக நினைத்து, நிலத்தை அடமானம் வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

குறைந்த செலவில் முடியும் என்று தரகர்கள் காட்டும் வழி தனியார் கல்லூரிகள். அந்த வழியின் கதையைக் கியூபெக் ஏற்கெனவே பார்த்துவிட்டது. இந்தியாவிலிருந்து ஆள்சேர்ப்பில் முறைகேடு இருக்கலாம் என்ற சந்தேகத்தில் 2020 டிசம்பரில் பத்துத் தனியார் கல்லூரிகளுக்கான சிஏக்யூ விண்ணப்பங்களை மாகாண அரசு நிறுத்தி வைத்தது. 2022 ஜனவரியில் மாண்ட்ரியல், லாங்கே, ஷெர்புரூக் நகரங்களில் இருந்த மூன்று கல்லூரிகள் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயின. பணம் கட்டிய மாணவர்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள், மாண்ட்ரியலின் குளிரில் கையில் அட்டை ஏந்தி நின்றார்கள். கல்லூரியின் அங்கீகாரத்தைச் சரிபார்க்காமல் பணம் கட்டாதீர்கள் என்று இந்தியத் தூதரகம் எச்சரிக்கை வெளியிட்டது. அரசு மானியம் பெறாத கியூபெக் தனியார் கல்லூரிகளில் 2023 செப்டம்பர் முதல் சேருபவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியும் இல்லை என்றானது. மலிவான வழி என்று சொல்லி விற்கப்பட்டதில் படிப்பும் இல்லை, வேலையும் இல்லை.

இனி நிராகரிப்புக்கு வருவோம். கனடாவின் உயர்கல்வி நிறுவனங்களில் படிக்க இந்தியர்கள் கொடுத்த விண்ணப்பங்களில் 2023 ஆகஸ்டில் சுமார் 32 சதவீதம் நிராகரிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் அது சுமார் 74 சதவீதம் என்று ராய்ட்டர்ஸ் வெளியிட்ட அரசுத் தரவு சொன்னது. நான்கில் மூன்று பேர். போலிச் சேர்க்கைக் கடிதங்கள் பிடிபட்டது இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் போலிக் கடிதம் கொடுத்தவரும், முறையாக இடம் வாங்கி, கணவர் பெயரை உள்ளபடி எழுதியவரும் ஒரே கடிதத்தை வாங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கனடாவின் சட்டம் இதைவிடப் பெருந்தன்மையானது என்பதையும் சொல்ல வேண்டும். குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவு, ஒருவருக்கு நிரந்தரமாகக் குடியேறும் ஆசை இருப்பதாலேயே தற்காலிகமாக வருவதற்கான தகுதியை அவர் இழந்துவிட மாட்டார் என்கிறது. இரட்டை நோக்கம் என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். நிரந்தர அனுமதி கிடைத்தால் இருப்பேன், கிடைக்காவிட்டால் காலம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று ஒருவர் ஒரே நேரத்தில் நினைப்பது இயல்பு என்பதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. 215-ஆவது விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது: கனடாவில் வேலை அனுமதியோடு இருப்பவரின் குடும்பத்தினர், நாட்டுக்குள் வந்த பிறகு உள்ளிருந்தபடியே படிப்பு அனுமதி கேட்கலாம். வேலை பார்ப்பவரின் துணை படிக்க விரும்புவார் என்பதை விதி எழுதியவர்கள் எதிர்பார்த்தே இருக்கிறார்கள். பிறகு ஏன் ஊரிலிருந்து விண்ணப்பிக்கும்போது அதே உறவு குறையாகிறது?

அதிகாரி ஒரு கோப்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடிகிறது என்பதில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. 2018 முதல் ‘சினூக்’ என்ற மென்பொருள் கருவியைக் கனடாவின் குடிவரவுத் துறை பயன்படுத்துகிறது. பல விண்ணப்பங்களின் விவரங்களை எக்செல் அட்டவணை போல ஒரே திரையில் வரிசையாகக் காட்டும் கருவி அது. நிராகரிப்புக்கான ஆயத்த வாசகங்களும் அதில் உண்டு. முடிவெடுப்பது அதிகாரிதான், கருவி அல்ல என்கிறது துறை. அப்படியே இருக்கட்டும். ஆயினும் ஒரு பெண்ணின் பத்தாண்டுப் படிப்பும், ஆசிரியை வேலையும், எதிர்காலத் திட்டமும் அட்டவணையின் ஒரு வரியாகச் சுருங்கும்போது, ‘துணை: கனடா’ என்ற கட்டம்தான் கண்ணில் படும். ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு மொழி மாணவர்கள் கியூபெக்கில் பெருமளவு நிராகரிக்கப்படுவதை 2022-இல் கனடா நாடாளுமன்றத்தின் குடிவரவுக் குழுவே விசாரித்து அறிக்கை கொடுத்தது. படித்து முடித்தவர்களை இங்கேயே தங்குங்கள் என்று அழைக்கும் நாடு, தங்க ஆசைப்படுவீர்கள் என்ற சந்தேகத்தில் வாசலிலேயே நிறுத்துவது முரண்பாடு என்பது அந்த விசாரணையில் திரும்பத் திரும்ப எழுந்த பேச்சு.

எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு ஒரு தரகர் சொன்ன யோசனையைக் கேட்டு நான் அதிர்ந்துபோனேன். “கல்யாணம் ஆனதைச் சொல்லாதீங்க மேடம். சிங்கிள்னு போடுங்க, ஈசியா கிடைக்கும்.” கருகமணியும் தாலியும் அணிந்து எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் சொல்லப்பட்ட வார்த்தை இது. அவருடைய மாமனார், “பொய் சொல்லி வாழப் போக வேண்டாம்மா” என்று எழுந்துவிட்டார். அந்தப் பெரியவர் எந்தச் சட்டமும் படித்தவரில்லை. ஆனால் அவர் எழுந்தது அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது. கனடாச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, முக்கியமான உண்மையை மறைத்தால் ஐந்து ஆண்டு அந்த நாட்டுக்குள் நுழையத் தடை. அதைவிடக் கொடியது 117(9)(டி) விதி: நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது கணவர் தன் மனைவியைக் காட்டாமல் விட்டால், பிற்காலத்தில் குடும்ப வகுப்பின்கீழ் அந்த மனைவியை ஸ்பான்சர் செய்ய முடியாது. சில மாதங்களைக் குறைக்கச் சொன்ன பொய், ஆயுள் முழுக்கப் பிரித்துவிடும். மனைவி ஒரு விண்ணப்பத்தில் தனியாள் என்றும் கணவர் இன்னொன்றில் திருமணமானவர் என்றும் எழுதியிருப்பது வெளிப்பட எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டும் ஒரே துறையின் கணினியில்தான் இருக்கின்றன.

ஆண் வந்து உழைக்கலாம், அவன் மனைவி வரக் கூடாது என்பது கனடாவுக்குப் புதிதும் அல்ல. 1908-இல், சொந்த நாட்டிலிருந்து நேரடியாக, இடையில் நிற்காத பயணத்தில் வருபவர்களை மட்டுமே அனுமதிப்போம் என்று ஓர் ஆணை போட்டார்கள். இந்தியாவிலிருந்து அப்படி நேரடிக் கப்பல் இல்லாததால் புதிதாக இந்தியர் ஏறத்தாழ எவருமே வர முடியாமல் போனது. ஏற்கெனவே பிரிட்டிஷ் கொலம்பியாவின் மர ஆலைகளில் உழைத்துக்கொண்டிருந்த பஞ்சாபியரின் மனைவிமாரும் அதில் அடக்கம். 1912-இல் வான்கூவர் குருத்வாராவின் பாக் சிங், பல்வந்த் சிங் இருவரும் தங்கள் குடும்பத்தை அழைத்து வந்தபோது, ஆண்களை இறங்க அனுமதித்துப் பெண்களையும் குழந்தைகளையும் திருப்பியனுப்ப உத்தரவிட்டார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, கருணையால் விடுகிறோம், இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று சொல்லி விட்டார்கள். மனைவியும் சிறு பிள்ளைகளும் வரலாம் என்ற பொது அனுமதி 1919-இல்தான் வந்தது. சீனர்களின் நிலை இதைவிட மோசம். 1923 முதல் 1947 வரை நடப்பில் இருந்த சட்டம், திருமணமான ஆண்களைக் கால் நூற்றாண்டு தனியாளாகவே வாழவைத்தது.

மாண்ட்ரியல் தமிழர்களுக்கும் இந்தப் பிரிவு தெரியும். பார்க் எக்ஸ்டென்ஷன், கோட் தெ நேஜ் பகுதிகளில் எண்பதுகளில் ஈழத்திலிருந்து வந்து இறங்கியவர்களில் பலர் தனியாக வந்த இளைஞர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து, மீனவர்களால் மீட்கப்பட்ட 155 தமிழர்களில் பலரும் மாண்ட்ரியலுக்கும் ரொறன்ரோவுக்கும்தான் போனார்கள். அகதிக் கோரிக்கை தீரும்வரை, வசிப்புரிமை கிடைக்கும்வரை, யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டு முகாமிலோ மனைவியும் அம்மாவும் காத்திருந்தார்கள். ழான்-தாலோன் வீதிக் கடைகளில் இன்று கருவேப்பிலையும் முருங்கைக்காயும் அடுக்கி வைத்திருப்பது அப்படிக் காத்திருந்து சேர்ந்த குடும்பங்கள்தான். குடும்பம் வந்த பிறகுதான் அந்தத் தெருக்களில் தமிழ்ப் பள்ளி வந்தது, கோயில் வந்தது, கடை வந்தது.

கனடாவின் தரப்பில் சொல்லப்படும் காரணத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 2023 இறுதியில் அங்கே படிப்பு அனுமதி வைத்திருந்தவர்கள் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். வாடகை ஏறியது, மருத்துவமனைகளில் காத்திருப்பு நீண்டது. தற்காலிகமாக வசிப்பவர்களை மொத்த மக்கள்தொகையில் ஐந்து சதவீதத்துக்குக் குறைக்கப் போகிறோம் என்று அரசு இலக்கு வைத்தது. எந்த நாட்டுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் வேலை பார்ப்பவரின் மனைவி தனி வீடு கேட்டு வரவில்லை. அவர் குடியேறப்போவது கணவர் ஏற்கெனவே வாடகை கட்டிக்கொண்டிருக்கும் அதே அறையில்தான். வீட்டு நெருக்கடியைக் காரணம் காட்டி முதலில் கைவைக்கக் கூடாத கூட்டம் இது. உழைப்பாளியை அழைக்கும்போதே அவருக்கு ஒரு குடும்பம் உண்டு என்பதையும் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். மேலாளரின் திருமணத்துக்கு மதிப்பு, சமையல்காரரின் திருமணத்துக்கு மதிப்பில்லை என்று நிலைகளாகப் பிரிப்பதற்கு எந்த வீட்டுவசதிக் கணக்கும் நியாயம் ஆகாது.

மற்ற நாடுகளும் இதே திசையில்தான் போகின்றன. 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் ஆய்வுப் படிப்பு மாணவர்கள் தவிர மற்ற மாணவர்கள் பொதுவாகக் குடும்பத்தை அழைத்துவர முடியாது. அமெரிக்காவில் வேலை பார்ப்பவரின் துணைக்குத் தரப்படும் எச்-4 விசாவில் வீட்டில் முடங்கிய நம் பொறியியல் பட்டதாரிப் பெண்கள், இரண்டாவது முதுநிலைப் பட்டம் என்ற பெயரில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவது இருபது வருடப் பழக்கம்.

இந்த நிலையில் ஒரு பெண் என்ன செய்யலாம்? முதலில், படிப்பு அவருடையதாக இருக்க வேண்டும். கணவர் இருக்கும் ஊரில் எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது என்று தேடிவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தால், எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர் விருந்தோம்பல் டிப்ளமோவுக்கு ஏன் போகிறார் என்ற கேள்விக்கு விளக்கக் கடிதத்தில் எவராலும் பதில் எழுத முடியாது. கணவர் அங்கே இருப்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவருடைய வேலை அனுமதியின் நகல், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் இணைத்து, தங்குமிடச் செலவு குறைவதற்கும் படிப்பை இடையில் விடாமல் முடிப்பதற்கும் அவர் உதவி என்று காட்ட வேண்டும். 22(2) பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். ஊரில் திரும்பி வருவதற்கு உள்ள காரணங்களையும், அவை உண்மையாக இருந்தால் மட்டும், எழுத வேண்டும். ஆறு மாதம் அல்லது அதற்குக் குறைவான படிப்புக்குச் சிஏக்யூவும் வேண்டாம், படிப்பு அனுமதியும் வேண்டாம் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி. பார்வையாளர் விசாவில் போய் ஒரு குறுகிய பிரெஞ்சு வகுப்பு முடிக்கலாம். பிரெஞ்சு தெரிந்தவருக்குக் கியூபெக்கில் திறக்கும் கதவுகள் வேறு. 1977-இன் 101-ஆவது சட்டமும் 2022-இன் 96-ஆவது சட்டமும் அந்த மொழியை மாகாணத்தின் உயிராக வைத்திருக்கின்றன. சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. விசாவுக்காகக் காத்திருக்கும் மாதங்களை அங்கே செலவிடலாம்.

நிராகரிப்பு வந்தால் அத்தோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலை இறுதியிலிருந்து, அதிகாரி எழுதிய குறிப்புகளைச் சில வகை நிராகரிப்புக் கடிதங்களோடு சேர்த்தே அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். படிப்பு அனுமதியும் அதில் ஒன்று. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவர் 60 நாளுக்குள் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகலாம். தாக்கல் கட்டணம் 50 டாலர். 2024 அக்டோபர் 1 முதல் படிப்பு அனுமதி வழக்குகளுக்கென்று எளிய நடைமுறை ஒன்றை அந்த நீதிமன்றம் சோதனையாக நடத்துகிறது. ஒன்றரை ஆண்டுவரை இழுத்த வழக்கை ஐந்து மாதத்தில் முடிப்பது அதன் நோக்கம். காரணம் காட்டாமல் ‘குடும்பப் பிணைப்பு’ என்று மட்டும் எழுதிய நிராகரிப்புகளை அந்த நீதிமன்ற நீதிபதிகள் பலமுறை ரத்து செய்து, மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கணவன் கனடாவில் இருப்பது ஒரு தகவல்; அதிலிருந்து அந்தப் பெண் சட்டத்தை மீறுவார் என்ற முடிவுக்குப் போக வேறு ஆதாரம் வேண்டாமா?

பெண்ணைப் பெற்றவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை கனடா என்றதும் சம்பளம் கேட்கிறோம், சொந்த வீடு உண்டா என்று கேட்கிறோம். எந்த அனுமதியில் இருக்கிறார், அது எந்த மாதம் முடிகிறது, வேலை எந்த நிலையில் வருகிறது, எந்த மாகாணம் என்ற நான்கு கேள்விகளைக் கேட்பதில்லை. கேட்டால் அவமரியாதை என்று நினைக்கிறோம். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் கேட்கத் தயங்கிய கேள்வியைத் திருமணத்துக்குப் பின் அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் பிறந்தகத்தில் உட்கார்ந்து எதிர்கொள்கிறார். அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள், வேலைக்குப் போன இடத்தில் கேட்கிறார்கள், விசேஷ வீட்டில் கேட்கிறார்கள்.

அரசுகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களை 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது; மாணவர் விசா ஆலோசனை நிறுவனங்கள் அதற்குள் வருவதில்லை. பஞ்சாப் 2012-இலேயே இத்தகைய முகவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் இயற்றியது. கனடாவில் பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல வழக்குரைஞராகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். ‘சிங்கிள்னு போடுங்க’ என்று சொல்லும் ஆளுக்குத் தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையும் வாடகைக் கடையும் போதும் என்ற நிலையை அயலகத் தமிழர்களுக்கெனத் தனித் துறை வைத்திருக்கும் அரசு மாற்ற வேண்டும்.

டெல்லியின் கையில் இருப்பது இன்னும் பெரியது. கனடா சில நாடுகளுடன் செய்துகொண்ட தாராள வர்த்தக ஒப்பந்தங்களின்கீழ் வரும் தொழிலாளர்களின் துணைகளை 2025 ஜனவரிக் கட்டுப்பாடு தொடவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்ததை மீற முடியாது என்பதால் அவர்களுக்கு விலக்கு. இந்தியாவும் கனடாவும் விரிவான பொருளாதார ஒப்பந்தத்துக்கான பேச்சை மீண்டும் தொடங்குவதாக 2025 நவம்பரில் அறிவித்தன. பருப்புக்கும் யுரேனியத்துக்கும் தரும் கவனத்தில் ஒரு பங்கை இதற்கும் தரலாம். எந்தத் திறன் நிலையில் இருந்தாலும் இந்தியத் தொழிலாளரின் துணைக்கு, அவருடைய அனுமதி முடியும் நாள்வரை வேலை செய்யவும் படிக்கவும் உரிமை என்று ஒரு பிரிவை அந்த வரைவில் சேர்க்கும்படி தமிழ்நாட்டு எம்.பி.க்கள் வர்த்தக அமைச்சகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். பேச்சுவார்த்தை முடிந்து கையெழுத்தான பிறகு அதைக் கேட்பதற்கு வழியிருக்காது.